கிர்க்கைத் தாங்கும் உறைக்கிணறுகள்

அவையோருக்கு வணக்கம்.

எழும்பூரில் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகும்போது கண்ணில் படுகிற வெள்ளைக் கோபுரம் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துடையது. ‘கிர்க்’ என்றால் எல்லோருக்கும் தெரியும்; ஸ்காட்லாந்துக்காரர்கள் தேவாலயத்தைச் சொல்லும் சொல் அது. லண்டன் செயின்ட் மார்ட்டின் ஆலயத்தின் நகல் என்பார்கள். முகப்புக்கு அது சரி. உள்ளே போனால் வட்டக் கூடம். லண்டனிலும் ஜேம்ஸ் கிப்ஸ் முதலில் வட்டமாகத்தான் வரைந்து கொடுத்தார். செலவு அதிகம் என்று தள்ளிவிட்டார்கள். பொறியாளர் மேஜர் டி ஹாவிலண்ட் 1818-இல் இங்கே தொடங்கி வட்டமாகவே கட்டினார், 1821-இல் திறந்தார்கள். லண்டன் வேண்டாமென்றது நமக்கு வாய்த்தது!

ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது மண்ணுக்கடியில் இருப்பதுதான். கூவத்துக்குப் பக்கத்து நிலம். மழையில் ஊறும், கோடையில் சுருங்கும். அதன்மேல் ஒரு பக்கம் சுமார் 166 அடிக் கோபுரம், பக்கத்திலேயே எடை குறைந்த கூடம். கோபுரம் கொஞ்சம் கூடுதலாக இறங்கினாலும் இரண்டும் சேருமிடத்தில் விரிசல் ஓடும். அதனால் அஸ்திவாரத்துக்கு உறைக்கிணறு இறக்கினார்கள். சுமார் 150 கிணறுகள். ஆழம் 14 அடியிலிருந்து 50 அடிவரை, கெட்டி மண் எங்கே தட்டுகிறதோ அதுவரை.

வேலை இப்படி: உறையை, அதாவது கிணற்று வளையத்தை, தரையில் வைத்து, ஆள் உள்ளே இறங்கி அடிமண்ணைச் சுற்றிலும் சமமாக வெட்டுவார். உறை தன் எடையிலேயே இறங்கும். மேலே அடுத்த உறை. ஒரு பக்கம் அதிகம் வெட்டினால் கிணறு சாய்ந்துவிடும். உயர்ந்த பக்கத்தில் பாரம் ஏற்றி, அந்தப் பக்கத்து மண்ணைத் தோண்டித்தான் நிமிர்த்த வேண்டும். ஊற்றுமணல் வந்துவிட்டால் வெட்ட வெட்ட அடியிலிருந்து பொங்கும். அவசரப்படுகிறவருக்கு இந்த வேலை ஆகாது.

மேலே 16 தூண்கள், அவற்றின்மேல் நீல வண்ணத்தில் பொன் நட்சத்திரங்களோடு குவிமாடம். கரையானுக்குப் பயந்து அதில் மர உத்தரம் வைக்கவில்லை, கட்டுவேலைதான்.

இந்த மாதிரிச் சுண்ணாம்புக் கட்டடங்களைப் பழுதுபார்க்கிறோம் என்று சிமென்ட் பூசுவதைப்போல் கேடு வேறில்லை. சுவரிலுள்ள ஈரம் வெளியேற வழியில்லாமல் உப்புப் பூக்கும், பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தால் பிடுங்கக் கூடாது. வேரோடு செங்கல்லும் வந்துவிடும். தண்டை வெட்டி, வேரைச் சாகடித்து, காய்ந்தபின் எடுத்துச் சுண்ணாம்புச் சாந்தால் அடைக்க வேண்டும்.