மனநோயைக் காட்டிய படங்கள் நோயாளிக்கு அநீதியே செய்தன

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

மனநோயையும் மனநல மருத்துவத்தையும் காட்டிய ஓவியங்களும் புகைப்படங்களும் நோயாளிக்கு நீதி செய்தனவா, அநீதி செய்தனவா என்பது இன்றைய தலைப்பு. நீதியே என்று வாதிட்ட எதிரணித் தலைவர், "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்ற பழமொழியை முதலில் எடுத்துவைத்தார். கண்ணுக்குப் புலப்படாத துன்பத்தைக் கலைஞன் புலப்படுத்தினான், அதைப் பார்த்துத்தான் உலகம் இரங்கியது, சங்கிலிகள் கழன்றன என்றார். அந்தப் பழமொழியை அவரே எடுத்துக் கொடுத்ததற்கு நன்றி. எங்கள் வழக்கு முழுவதும் அந்த நம்பிக்கைக்கு எதிரானதுதான். மனநோய் முகத்தில் தெரிந்தே தீரும் என்று முதலில் முடிவுகட்டிவிட்டு, அந்த முடிவுக்குத் தோதான முகங்களைத் தேடிப் போனவர்களே இந்தப் படங்களில் பெரும்பாலானவற்றை உருவாக்கினார்கள். ஆகவே அவற்றில் பதிந்திருப்பது நோயாளி பட்ட பாடு அன்று; பார்க்க வந்தவர் எதை எதிர்பார்த்து வந்தாரோ, அது.

இங்கிலாந்தின் வில்லியம் ஹோகார்த் 1735-ல் அச்சுப்படங்களாக வெளியிட்ட எட்டுப் படத் தொடரின் கடைசிப் படத்தை எதிரணியே குறிப்பிட்டது. தந்தையின் சொத்தைச் சூதிலும் கேளிக்கையிலும் தொலைத்த இளைஞன், லண்டனின் பெத்லெம் மனநோய் விடுதியில் அரைகுறை ஆடையோடு தரையில் கிடக்கிறான். பின்னால் ஓர் அறையில் முடி சூடிய ஒருவன் தன்னை அரசனாக எண்ணி உட்கார்ந்திருக்கிறான். நாகரிக உடையணிந்த இரண்டு சீமாட்டிகள் அங்கே வேடிக்கை பார்க்க வந்திருக்கிறார்கள். ஒருத்தியின் கையில் விசிறி. பொதுமக்கள் பெத்லெமுக்குள் தாராளமாகப் போய் வரும் வழக்கத்தை 1770-ல்தான் கட்டுப்படுத்தினார்கள். ஹோகார்த் அந்தச் சீமாட்டிகளைத்தானே இகழ்கிறார் என்று எதிரணி கேட்கலாம். இகழட்டும். ஆனால் அச்சுப்படத்தைக் காசு கொடுத்து வாங்கியவர் நின்று பார்த்ததும் அதே வேடிக்கையைத்தான். அதோடு, பைத்தியம் என்பது ஒழுக்கக்கேட்டுக்குக் கிடைக்கும் கூலி என்ற பாடமும் அந்தத் தொடரோடு சேர்ந்தே வீடு வீடாகப் போயிற்று.

அடுத்து ஜெரிக்கோ. 1820-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்தப் பிரெஞ்சு ஓவியர் மனநோயாளிகளைப் பத்து உருவப்படங்களாக வரைந்தார் என்றும், மருத்துவர் ஜோர்ஜேவுக்காகவே வரைந்தார் என்றும் சொல்வார்கள். இன்று எஞ்சியிருப்பவை ஐந்து. கேலி இல்லை, மிகை இல்லை, ஒரு பிரபுவை வரையும் அதே கவனத்தோடு வரைந்திருக்கிறார் என்று எதிரணி புகழ்ந்தது. அந்தப் புகழ்ச்சியில் எனக்கும் பங்குண்டு, அவர் தூரிகையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் அந்த ஐவரின் பெயர் என்ன? தெரியாது. சூதாட்ட வெறி, திருட்டு வெறி, பொறாமை வெறி என்று நோயின் பெயரே ஆளின் பெயராக நிற்கிறது. லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் சூதாட்ட வெறி கொண்ட மூதாட்டியின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் வெள்ளைத் துணி, எங்கோ நிலைத்த பார்வை, களைத்த முகம். தலைப்பை மறைத்துவிட்டு இந்த அவையில் காட்டினால், வாழ்க்கையில் அடிபட்ட ஒரு பாட்டி என்று சொல்வோமே தவிர, சூதாட்டம் என்ற நினைப்பே நமக்கு வராது. தலைப்பைப் படித்த பிறகுதான் முகத்தில் நோய் முளைக்கிறது.

சங்கிலி கழன்றது என்றார்களே, அதற்கு வருகிறேன். டோனி ரோபேர்-ஃப்ளூரி 1876-ல் வரைந்த பெரிய ஓவியம் ஒன்றில், பாரிஸின் சால்பெத்ரியேர் மருத்துவமனை முற்றத்தில் மருத்துவர் பினெல் கையில் தடியோடு நிமிர்ந்து நிற்கிறார். பெண்ணொருத்தியின் விலங்கை ஊழியர் அகற்றுகிறார். இன்னொருத்தி குனிந்து பினெலின் கையை முத்தமிடுகிறாள். உண்மையில், பினெல் முன்பு பணியாற்றிய பிசேத்ர் மருத்துவமனையில் சங்கிலிகளை அகற்றியவர் அதன் மேற்பார்வையாளரான ழான்-பாப்டிஸ்ட் புஸ்ஸன். அது நடந்தது 1797-ல், பினெல் அங்கிருந்து சால்பெத்ரியேருக்குப் போன பிறகு. மருத்துவப் பட்டம் இல்லாத அந்த மனிதரும் அவர் மனைவியும் நோயாளிகளோடு பழகிக் கற்ற முறைகளிலிருந்துதான் தான் கற்றதாகப் பினெலே எழுதியிருக்கிறார். சங்கிலி போன இடத்தில் கைகளைக் கட்டும் சட்டை வந்தது என்பதும் வரலாறு. ஓவியத்தில் இவை எதற்கும் இடமில்லை. மருத்துவருக்கு மகிமையும் நோயாளிக்கு நன்றிக்கடனும் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டிருக்கின்றன. எதிரணி இதை நீதி என்று அழைப்பது எனக்கு வியப்பாக இருக்கிறது.

ஓவியர் கற்பனை கலப்பார், கேமரா கலக்காது என்பது அவர்களின் அடுத்த வாதம். கேமராவை மனநோய் விடுதிக்குள் முதலில் கொண்டுபோனவர்களில் ஒருவர் ஹ்யூ வெல்ச் டயமண்ட்; இங்கிலாந்தின் சர்ரே மாவட்ட மனநோய் விடுதியில் பெண்கள் பிரிவின் மருத்துவர். 1856-ல் ராயல் சொசைட்டியில் அளித்த கட்டுரையில் புகைப்படத்துக்கு மூன்று பயன்களைச் சொன்னார். நோயின் சாயலை முகத்திலிருந்து பதிவு செய்யலாம். நோயாளியிடமே படத்தைக் காட்டிச் சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம். வெளியே போனவர் திரும்பி வந்தால் அடையாளம் காணலாம். இரண்டாவது பயனை எதிரணி பெரிதாகப் பாராட்டியது. தன் படத்தைப் பார்த்து மகிழ்ந்து தேறிய பெண்ணைப் பற்றி டயமண்ட் எழுதியிருப்பது உண்மைதான்; அதைச் சொல்வதும் படம் எடுத்த மருத்துவர்தான் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தொழில்நுட்ப விவரத்தையும் நடுவர் அவர்கள் கருத வேண்டும். அக்காலத்து ஈரக் கண்ணாடித் தகட்டில் ஒரு முகம் தெளிவாகப் பதிய, அமர்ந்திருப்பவர் சில நொடிகளாவது ஆடாமல் அசையாமல் இருக்க வேண்டும். அடங்காத உன்மத்தத்தில் இருப்பவர் எப்படி அசையாமல் இருப்பார்? ஆக, உன்மத்தம் என்று தலைப்பிட்ட படத்தில் நாம் காண்பது, அந்தக் கணத்தில் உன்மத்தம் தணிந்திருந்த ஒருவரை, அல்லது யாரோ அசையாமல் இருத்திய ஒருவரை. டயமண்டின் படங்களைக் கல்லச்சில் வரையச் செய்து மருத்துவர் ஜான் கோனலி 1858-ல் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். கேமராவுக்கும் வாசகருக்கும் இடையில் வரைபவரின் கையும் புகுந்தது. பிரசவத்தை ஒட்டி வந்த உன்மத்தம் நான்கு படங்களில் காட்டப்படுகிறது. குணமானதற்கு அடையாளம் ஒழுங்கான உடையும் தலையணியும். கலைந்த தலை நோய், சீவிய தலை சுகம்! இதற்கு அறிவியல் என்று பெயர்.

இப்போது நான் சற்று நின்று பேச விரும்பும் இடத்துக்கு வருகிறேன். அதே சால்பெத்ரியேரில் நரம்பியல் மேதை சார்க்கோவின் காலத்தில் புகைப்படக்கூடமே அமைத்தார்கள். 1876-க்கும் 1880-க்கும் இடையில் பூர்ன்வில், ரென்யார் ஆகியோர் மூன்று தொகுதிகளாக வெளியிட்ட படங்களில், ஒகுஸ்தீன் என்று அழைக்கப்பட்ட பதின்வயதுப் பெண் திரும்பத் திரும்ப வருகிறாள். அவளுக்கு ஹிஸ்டீரியா என்றார்கள்; உடலில் கோளாறு எதுவும் காணாமலே வலிப்பும் மயக்கமும் வரும் நோய்க்கு அன்று அந்தப் பெயர். படங்களுக்கோ பரவசம், கெஞ்சல், ஏளனம், அச்சுறுத்தல் என்று நாடகக் காட்சிகளுக்கு இடுவதுபோலத் தலைப்புகள். பார்ப்பதைப் பதிவு செய்யும் புகைப்படக்காரர் மட்டுமே தான் என்பது சார்க்கோவின் நிலைப்பாடு. ஒகுஸ்தீன் 1880-ல் ஆண் வேடமிட்டு அந்த மருத்துவமனையிலிருந்து தப்பி ஓடினாள். அரை நூற்றாண்டு கழித்து, 1928-ல், கனவையும் ஆழ்மனத்தையும் போற்றிய சர்ரியலிஸ்ட் கவிஞர்கள் அவள் படங்களைத் தங்கள் இதழில் வெளியிட்டு ஹிஸ்டீரியாவின் ஐம்பதாம் ஆண்டைக் கொண்டாடினார்கள். தப்பி ஓடியவளின் முகம் மட்டும் தப்பவே இல்லை.

அடுத்து, ஆந்த்ரே ப்ரூயே 1887-ல் வரைந்த "சால்பெத்ரியேரில் ஒரு மருத்துவப் பாடம்". நான்கு மீட்டருக்கும் மேல் அகலமான ஓவியம். சார்க்கோ நின்று விரிவுரை ஆற்றுகிறார். முப்பதுக்கும் குறையாத ஆண்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ப்ளான்ஷ் விட்மன் என்ற பெண், மேலாடை தோளிலிருந்து சரிய, மயக்க நிலையில் மருத்துவர் பாபின்ஸ்கியின் கையில் சாய்ந்து கிடக்கிறார். எதிரணி இதை மருத்துவ அறிவின் பொற்காலச் சித்திரம் என்றது. ஆனால் கூட்டத்துக்குப் பின்னால், இடப்பக்கச் சுவரின் மேற்பகுதியைப் பாருங்கள். அங்கே ஒரு படம் தொங்குகிறது: போல் ரிஷே வரைந்தது, உடலை வில்லாக வளைத்துக் கிடக்கும் ஹிஸ்டீரியா நோயாளியின் உருவம். அந்தப் படம் மாட்டியிருப்பது நோயாளியின் முகத்துக்கு எதிரே. அடுத்து உடல் எந்த நிலையை எடுக்க வேண்டும் என்று சுவரே சொல்லிக்கொடுக்கிறது. நோயைப் பார்த்துப் படம் வரைந்தார்கள், பிறகு அந்தப் படத்தைப் பார்த்து நோய் வந்தது.

இது என் கற்பனை என்று எதிரணி தள்ளிவிட முடியாது. அந்த ஓவியத்தில் ப்ளான்ஷைத் தாங்கிப் பிடித்திருக்கும் அதே பாபின்ஸ்கிதான், 1893-ல் சார்க்கோ இறந்த பிறகு, ஹிஸ்டீரியாவின் அறிகுறிகள் பிறரின் தூண்டுதலால் விளைந்து மறுதூண்டுதலால் மறைபவை என்று 1901-ல் வரையறுத்தார். ஐரோப்பா முழுவதும் பேசப்பட்ட அந்தப் பெரும் வலிப்புகளும் மெல்ல அரிதாகிப் போயின. ப்ளான்ஷ் நடித்தார் என்று நான் சொல்லவில்லை. அது அவருக்கு இன்னோர் அநீதி. அவருக்கு உண்மையில் ஏதோ ஒரு துன்பம் இருந்தது. அது எந்த வடிவத்தில் வெளிப்பட வேண்டும் என்பதைத்தான் படங்கள் தீர்மானித்தன. பிற்காலத்தில் அவர் அதே மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் வேலை பார்த்து, கதிர்வீச்சின் தீங்கால் உறுப்புகளை இழந்து 1913-ல் இறந்தார். அவருடைய அந்த வாழ்க்கையை ஓவியமாக வரைய எந்த ப்ரூயேவும் வரவில்லை.

எதிரணியின் வலுவான சான்றுகளை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 1946 மே மாதத்தில் அமெரிக்காவின் "லைஃப்" இதழ் மனநோய் விடுதிகளின் கொடுமையைப் படங்களோடு வெளியிட்டது; பிலடெல்ஃபியாவின் பைபெரி விடுதியில் எடுத்த படங்கள், போருக்குப் போக மறுத்து அங்கே ஊழியராக அனுப்பப்பட்ட சார்லி லார்ட் எடுத்தவை. 1969-ல் இத்தாலியில் கார்லா செராட்டி, ஜான்னி பெரெங்கோ கார்தின் ஆகியோரின் புகைப்படங்களை மருத்துவர் பசாலியாவும் அவர் மனைவி ஃப்ராங்காவும் நூலாக்கினார்கள். 1978-ல் அந்நாட்டில் மனநோய் விடுதிகளை மூடச் சட்டமே வந்தது. இவை நன்மை செய்தன. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் படங்கள் எதைக் காட்டின? கம்பிகளை, வெறுந்தரையை, மொட்டையடித்த தலைகளை, ஆடையின்றிச் சுவரோரம் குந்தியிருக்கும் கூட்டத்தை. அதாவது, நோயாளியை அடைத்து வைத்தவர்கள் செய்த குற்றத்தை. நிர்வாகத்தின் குற்றத்துக்குச் சாட்சி தேடியபோதும், அம்மணமாக நிற்க நேர்ந்தது நோயாளிதான், நிர்வாகி அன்று. பலன் கிடைத்தது என்பதால் கொடுத்த விலை இல்லாமற் போகாது. தவிர, இத்தகைய படங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை.

அதே வகைப் படம் வேறு கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு நாஜி ஜெர்மனி சான்று. இந்தப் பரம்பரை நோயாளியைக் காலம் முழுவதும் பராமரிக்க மக்கள் சமூகத்துக்கு 60,000 மார்க் செலவாகிறது என்று, நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உருவத்தோடு 1938-ஐ ஒட்டிச் சுவரொட்டி அச்சிட்டார்கள். 1940-லும் 1941-லும் ஆறு நிலையங்களில் 70,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளை நச்சுவாயுவால் கொன்றார்கள். கொல்லப்பட்டவர்களில் ஒருவர் ஓவியர் எல்ஃப்ரீட லோஸ-வெக்ட்லர். 1929-ல் ஹாம்பர்க்கின் ஃப்ரீட்ரிஷ்ஸ்பெர்க் விடுதியில் தானும் நோயாளியாக இருந்துகொண்டு, உடனிருந்த பெண்களின் தலைகளை வரைந்தார். தூங்கும் முகங்கள், பேசிக்கொண்டிருக்கும் முகங்கள், தலையணையில் புதைந்த முகங்கள். ஒன்றிலும் நோய்க்கான அடையாளச் சீட்டு இல்லை. அவை அதே ஆண்டு கண்காட்சியிலும் வைக்கப்பட்டன. பின்னர் அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்யப்பட்டது. 1940-ல் பிர்னா-சோனென்ஸ்டைனில் அவரைக் கொன்றார்கள். எதிரணி லோஸ-வெக்ட்லரைத் தங்கள் சாட்சியாக அழைக்க நினைத்தால், அவரைப் போன்ற கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர், சுவரொட்டியின் கண்ணால் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று நடுவர் அவர்கள் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

இதெல்லாம் பழங்கதை, இன்று காலம் மாறிவிட்டது என்ற கடைசி வாதத்துக்கும் ஒரு வார்த்தை. இன்று மனச்சோர்வு பற்றி ஒரு செய்தி வந்தால் அதன்மேல் என்ன படம் இருக்கிறது? இருட்டறை, ஜன்னலோரம், இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கும் ஓர் உருவம்; பெரும்பாலும் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்த மாடல். மனச்சோர்வு உள்ள பலர் காலையில் எழுந்து, சிரித்துப் பேசி, வேலையையும் முடித்துவிட்டு வருகிறார்கள். அவர்கள் உதவி கேட்கும்போது, "உன்னைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே" என்ற பதில் கிடைக்கிறது. அந்தப் பதிலைச் சொல்பவருக்கு மனச்சோர்வு எப்படித் தெரிய வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது யார்?

அப்படியானால் படமே கூடாதா என்று எதிரணி கேட்கும். தலைப்பு அதுவன்று, இதுவரை வந்த படங்கள் என்ன செய்தன என்பதே தலைப்பு. எதிரணியின் அடுத்த பேச்சாளர் எழுந்ததும் ஜெரிக்கோவின் ஐந்து முகங்களில் ஒன்றுக்காவது பெயர் சொல்லிவிட்டுத் தம் வாதத்தைத் தொடங்கட்டும். நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் நன்றி.