மூளைக்காய்ச்சல் போன பிறகு பிள்ளையின் குணம் மாறுமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்று, இரண்டு நாளாக என்னை விடவில்லை. விழுப்புரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகனுக்கு எட்டு வயது. போன வருடம் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வந்து, வலிப்போடு மூன்று வாரம் மருத்துவமனையில் கிடந்திருக்கிறான். இப்போது நடக்கிறான், சாப்பிடுகிறான். ஆனால் சட்டென்று கோபம் வந்து கையில் கிடைத்ததை எறிகிறான். வகுப்பில் உட்கார மாட்டேன் என்கிறான், ராத்திரி தூக்கமும் இல்லை. "செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாய்" என்கிறார்களாம் சொந்தக்காரர்கள். "இது வைரஸ் செய்ததா, நான் செய்ததா? காய்ச்சல் மறுபடி வருமா?" என்று கேட்கிறார்.

நீங்கள் செய்தது இல்லை அம்மா. இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நான் அடுத்து என்ன சொல்வேன் என்று தெரியும். டிஸ்சார்ஜ் சீட்டோடு நோய் முடிவதில்லை. சொல்லிச் சொல்லி உங்களுக்கே சலித்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன். ஸ்கேனில் 'தாலமஸ்' என்று எழுதியிருந்ததாகச் சொல்கிறீர்கள். மூளையின் நடுவில் இருக்கிற பகுதி அது, இந்த வைரஸ் வழக்கமாகத் தாக்குகிற இடம். கண், காது, தோல் எல்லாவற்றிலிருந்தும் வருகிற சேதி அந்த வழியாகத்தான் மேல்மூளைக்குப் போகிறது. வயலுக்கு மடை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்துவிட்டது, மடை உடைந்து கிடக்கிறது. ஒரு நேரம் தண்ணீர் ஏறுவதே இல்லை, இன்னொரு நேரம் பயிரை அடித்துக்கொண்டு போகிறது. வகுப்பறைச் சத்தம் அவனுக்குள் அப்படித்தான் இறங்குகிறது. அவன் அடம்பிடிக்கிறான் என்று ஊர் சொல்கிறது.

இந்தக் கிருமி தொற்றினாலும் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் தெரியாது. ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்குத்தான் கடுமையாகிறது. ஆனால் மூளைக்காய்ச்சலாக மாறிவிட்டால் 100 பேரில் 30 பேர் வரை இறக்கலாம், 30 முதல் 50 பேருக்கு நரம்பிலோ மனநிலையிலோ நிரந்தரக் குறை தங்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்தியாவில் இதை முதலில் கண்டறிந்தது 1955-ல், நம் வேலூரில். இத்தனை வருடத்துக்குப் பிறகும், உயிர் பிழைத்தவர்களின் குணம் என்ன ஆனது என்று கேட்க நமக்கு நேரமில்லை. ஜப்பானிய வைரஸ் மட்டும் இப்படி இல்லை. கொரோனாவின் முதல் ஆண்டில் பிரிட்டன் மருத்துவமனைகளில் நரம்புச் சிக்கல் வந்த 52 பிள்ளைகளைப் பதிவு செய்து பார்த்தார்கள். சிலருக்கு இல்லாத உருவங்கள் தெரிந்தன, சிலருக்கு நடத்தை மாறியது. வீட்டுக்குப் போகும்போது மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகளுக்கு ஏதோ ஒரு குறை இருந்தது.

நான் பயிற்சியில் இருந்தபோது ஒரு சின்னப் பெண். மூளைக்காய்ச்சலிலிருந்து எழுந்து வார்டுக்குள் அவள் நடந்த அன்று எல்லோரும் கை தட்டினோம். மூன்று மாதம் கழித்து ரிவ்யூ. காய்ச்சல் உண்டா, வலிப்பு உண்டா, தலைவலி உண்டா என்று வரிசையாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார் அப்பா. சீட்டில் 'நலம்' என்று எழுதப்போனேன். பின்னால் நின்ற பாட்டி மெதுவாகச் சொன்னார்: "முன்னெல்லாம் கோழிக்குஞ்சைக் கையில் வைத்துக் கொஞ்சுவாள் சார். இப்போது கழுத்தைத் திருகுகிறாள்." என் கேள்விகளில் கோழிக்குஞ்சு இல்லை.

சரி, மறுபடி வருமா? ஜப்பானிய வைரஸ் ஒருமுறை வந்தால் உடம்பு அதை மறப்பதில்லை, பொதுவாகத் திரும்ப வராது. ஹெர்பிஸ் வைரஸால் வந்த மூளைக்காய்ச்சல் வேறு கதை. அதில் குணமான பிள்ளைக்கு இரண்டு மாதத்துக்குள் புதிதாகக் கை கால் முறுக்கலோ, பேச்சு குறைவதோ, குணம் மாறுவதோ தெரிந்தால் உடனே ஓட வேண்டும். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்குகிற நிலையாக இருக்கலாம், அதற்கு வைத்தியம் உண்டு. வீட்டில் இன்னொரு சின்னப் பிள்ளை இருந்தால், ஒன்பது மாதம் முடிந்ததும், அப்புறம் 16-லிருந்து 24 மாதத்துக்குள்ளும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் தடுப்பூசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்ட கேள்வி வேறு: டீச்சரிடம் என்ன சொல்வது? "மூளையில் காயம் பட்டு ஆறிக்கொண்டிருக்கிறான்" என்று சொல்லுங்கள். மருத்துவரிடம் கடிதமாகவே வாங்கிக் கொடுங்கள். ஜன்னலை விட்டுத் தள்ளி முதல் பெஞ்ச். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் கொஞ்ச நாள் அரை நாள் பள்ளி போதும். காது, கண் இரண்டையும் சோதித்துவிடுங்கள். காது கேட்காத பிள்ளையையும் பள்ளியில் அடங்காதவன் என்றுதான் சொல்வார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் டி.இ.ஐ.சி. (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சீக்கிரம் கண்டுபிடித்து உதவுகிற மாவட்ட மையம்) எங்கே என்று கேளுங்கள், 18 வயது வரை பார்ப்பார்கள். தூக்கத்துக்கும் கோபத்துக்கும் மருந்து தேவையா என்பதை நரம்பியல் மருத்துவரோ மனநல மருத்துவரோ அவனை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும், நான் இங்கிருந்து சொல்ல முடியாது.

வீட்டில் பாட்டி இருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் அடுத்த ரிவ்யூவுக்கு அவரையும் கூட்டிப்போங்கள். சரி, அடுத்த கேள்வி.