இன்ஜின் நெற்றியில் என்ன எழுதியிருக்கிறது? ரயில் ரசனைக்கு ஒரு தொடக்கம்

[காட்சி: ஜோலார்பேட்டை ஜங்ஷன். விடியற்காலை. ஏலகிரி மலைக்குப் பின்னால் வெளிச்சம் பரவுகிறது. தூரத்தில் ஹாரன்.]

வணக்கம். ரயில் சத்தம் கேட்டதும் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வாசலுக்கு ஓடிய பிள்ளைகள் நம்மில் எத்தனையோ பேர். வளர்ந்த பிறகும் சிலருக்கு அந்த ஓட்டம் நிற்பதில்லை. நானும் அதில் ஒருவன். ரயிலை ரசிப்பதை எங்கே தொடங்குவது, அது எங்கெல்லாம் கூட்டிக்கொண்டு போகும் என்பதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

கேமரா வாங்கணுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். வேண்டாம். பத்து ரூபாய்க்கு ஒரு பிளாட்பார டிக்கெட், ஒரு நோட்டு, ஒரு பேனா போதும். டிக்கெட் இரண்டு மணி நேரம் செல்லும். முதல் நாளுக்கு அதுவே தாராளம்.

[காட்சி: மின்சார இன்ஜினின் முகம், மிக நெருக்கத்தில்.]

முதலில் இன்ஜினைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். டபிள்யூ.ஏ.பி. 7 என்று எழுதியிருக்கிறதா? ரசிகர்கள் இதை ‘வாப் செவன்’ என்பார்கள். டபிள்யூ என்றால் அகலப் பாதை. அதைவிடக் குறுகலான மீட்டர் கேஜ் பாதை இன்ஜின்களில் அந்த இடத்தில் ஒய் இருக்கும். ஏ என்றால் ஏ.சி., அதாவது மாறுதிசை மின்சாரத்தில் ஓடுவது, டீசலுக்கு டி. பி என்றால் பயணிகள் ரயிலுக்கானது. சரக்குக்கு ஜி, இரண்டுக்கும் பொதுவென்றால் எம். அவ்வளவுதான், பாதி ரகசியம் உடைந்துவிட்டது.

அப்புறம் பக்கவாட்டில் பாருங்கள். அந்த இன்ஜின் எந்த லோகோ ஷெட்டை, அதாவது எந்தப் பராமரிப்புக் கூடத்தைச் சேர்ந்தது என்று பெயர் இருக்கும். ராயபுரம், ஈரோடு, அரக்கோணம் எல்லாம் நம் பக்கத்து ஷெட்டுகள். எந்த ரயிலுக்கு எந்த ஷெட் இன்ஜின் என்று ஒரு ஏற்பாடு உண்டு, அதற்கு ‘லிங்க்’ என்று பெயர். தினமும் ராயபுரம் இன்ஜின் இழுத்து வரும் ரயிலை ஒருநாள் டெல்லிப் பக்கத்துக் காஜியாபாத் இன்ஜின் இழுத்து வந்தால் அது ‘ஆஃப்லிங்க்’. பக்கத்தில் நிற்பவருக்கு எல்லா இன்ஜினும் ஒன்றுதான். நோட்டு வைத்திருப்பவருக்கு அன்றைக்குத் திருவிழா.

பெட்டிகளுக்கும் இப்படி ஒரு கதை உண்டு. பெட்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கம், அது கட்டப்பட்ட ஆண்டு. 09 என்று தொடங்கினால் 2009. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை 1955-இல் தொடங்கி 2018 வரை கட்டிய பழைய நீலப் பெட்டிகள் ஒவ்வொன்றாக ஓய்வு பெற்று வருகின்றன. அவற்றின் எண்களை இப்போதே குறித்து வையுங்கள் என்று நான் வற்புறுத்தியே சொல்வேன்.

[காட்சி: கறுப்புத் திரை. ஒலி மட்டும். நீராவி இன்ஜின் மூச்சு.]

கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இது மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி மலை ரயில். ஒலியை மட்டும் பதிவு செய்யும் ரசிகர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இது ஒரு புதையல். கல்லாறு வரை இன்ஜின் சாதாரணமாக, சக்கரப் பிடிப்பில் ஓடுகிறது. கல்லாறைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே பல் பதித்த இரும்புப் பட்டை தொடங்கும். சுமார் 12 அடி நகர்ந்தால் 1 அடி உயரம் ஏறும் பாதை அது. முதல் இரண்டு சிலிண்டர்களில் வேலை செய்து முடித்த நீராவி, வெளியே போகாமல் இன்னும் இரண்டு சிலிண்டர்களுக்குப் போய், அங்கே பல்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அந்த இடத்தில் இன்ஜினின் மூச்சு மாறுவது காதுக்குத் தெரியும். இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னால் நின்று தள்ளுகிறது. அதனால் ஒலி வேண்டும் என்றால் கடைசிப் பெட்டியில் இடம் பிடியுங்கள்.

[காட்சி: வளைவில் திரும்பும் எக்ஸ்பிரஸ். பக்கத்தில் அதே ரயிலின் கலங்கிய படம்.]

சரி, இப்போது கேமராவுக்கு வருவோம். செல்போன் இருந்தாலும் போதும். இந்த இரண்டாவது படம் நான் எடுத்ததுதான். ரயில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், ஒரு நொடியில் 30 மீட்டர் கடந்துவிடும். கேமராவின் ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை நொடியில் 125-இல் ஒரு பங்கு என்று வைத்தால், அதற்குள் இன்ஜின் ஒரு சாண் நகர்ந்திருக்கும். கலங்காமல் என்ன செய்யும்? நொடியில் 1000-இல் ஒரு பங்குக்குப் போனால் 3 சென்டிமீட்டர்தான். முகம் தெளிவாக விழும்.

வெயில் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் ஹெட்லைட் எரியும், முகம் இருண்டு போகும். இன்னொன்று, மின்கம்பம். எவ்வளவு அழகான படத்தையும் இன்ஜின் முகத்துக்குக் குறுக்கே வரும் ஒரு கம்பம் பாழாக்கிவிடும். ரயில் வருமுன்பே இரண்டு கம்பங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைத் தேர்ந்து வைத்து, முகம் அங்கே வரும்போது அழுத்துங்கள்.

தண்டவாளத்தில் இறங்கவே கூடாது. அனுமதியில்லாமல் ரயில்வே இடத்தில் நுழைந்தால், ரயில்வே சட்டம் 147-ஆவது பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், இரண்டுமேகூட விதிக்கலாம். மின்சார இன்ஜின் பக்கத்தில் வரும்வரை பெரிதாகச் சத்தம் போடாது என்பதை அதைவிடப் பெரிய காரணமாக நான் நினைக்கிறேன். மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நில்லுங்கள். இல்லையென்றால் சாலை மேம்பாலத்தில் நடைபாதை இருக்கும் இடமாகப் பாருங்கள். பிளாட்பாரத்தில் படம் எடுக்குமுன் நிலைய அதிகாரியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

[காட்சி: சாப்பாட்டு மேசை மேல் மாதிரித் தண்டவாளம். சின்ன இன்ஜின் ஊர்கிறது.]

கடைசியாக, மாதிரி ரயில்கள். உலகில் அதிகம் பேர் வைத்திருப்பது எச்.ஓ. அளவு. உண்மையில் 87-இல் ஒரு பங்கு. வாப் செவன் இந்தக் கணக்கில் ஏறக்குறைய 24 சென்டிமீட்டர், ஒரு அடி ஸ்கேல் நீளம்கூட இல்லை. ஆனால் 22 பெட்டிகளையும் கோத்தால் முழு ரயில் 6 மீட்டர் வரும்! ஹாலில் வளைத்து விடவே இடம் போதாது. அதனால் ஐந்தாறு பெட்டிகளோடு மனசைத் தேற்றிக்கொள்கிறோம்.

நம் ரயில்களில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. எச்.ஓ. தண்டவாளத்தின் இடைவெளி 16.5 மில்லிமீட்டர். அது வெளிநாடுகளின் 1435 மில்லிமீட்டர் பாதைக்குப் பொருந்தும். நம் அகலப் பாதை 1676. அதற்கு 19.3 வேண்டும். கடையில் கிடைக்கும் பாதையில் நிறுத்தினால், நம் இன்ஜின் கொஞ்சம் ஒடுங்கிய காலில் நிற்பதுபோல இருக்கும். பலர் அதை ஏற்றுக்கொள்கிறார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. அட்டையை வெட்டி, நிற்கும் மாதிரிகளைத்தான் செய்கிறேன். ஓடாது, ஆனால் அளவு சரியாக இருக்கும்.

[காட்சி: கையளவு நீலப் பெட்டி. தூரிகை நுனி.]

இந்தப் பெட்டியின் எண்ணை என் நோட்டிலிருந்துதான் எடுத்தேன். சக்கரங்களுக்கு மேலே படிந்திருக்கும் பழுப்புத் தூசியின் நிறத்துக்கு என் பழைய படம் ஒன்று உதவியது. பின்பக்கத்தில் மஞ்சளில் ஒரு பெருக்கல் குறி மட்டும் பாக்கி. அது கடைசிப் பெட்டிக்கான அடையாளம். அந்தக் குறியைப் பார்த்துத்தான், ரயில் வழியில் பெட்டியைத் தவறவிடாமல் முழுசாக வந்து சேர்ந்தது என்று நிலைய ஊழியர் உறுதி செய்துகொள்வார். இதோ, அதையும் வரைந்துவிடுகிறேன்.

[காட்சி: தூரிகை இரண்டு கோடு இழுக்கிறது. வெளியே உண்மையான ரயிலின் ஹாரன்.]