நியூஸ்பேப்பர் சாஃப்ட்வேருக்கு சர்வர் வாங்கப் போறீங்களா? முதல்ல ஃபைல் லாக்கை, அதாவது பூட்டைப் பாருங்க

வணக்கம் மக்களே. மைக் எடுக்குதா... எடுக்குது, மீட்டர் ஆடுது. சரி, நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். இன்னிக்கு நியூஸ்பேப்பர் எடிட்டோரியல் சிஸ்டம். ரிப்போர்ட்டர் செய்தி அடிக்கிறதுல ஆரம்பிச்சு அச்சுத் தகடு எடுக்கிற பிளேட் ரூமுக்குப் பக்கம் போற வரைக்கும் நடுவுல ஓடுதே, அந்த சாஃப்ட்வேர். அதோட உள் அமைப்பு எப்படி இருக்கணும், எந்த இடத்துல காசு போடணும், எந்த இடத்துல போட்டா வீண், இதான் பேச்சு.

வெண்டர் ஒரு பேப்பர் நீட்டுவாங்க. இத்தனை கோர், இத்தனை ஜிபி ரேம், இந்த ஓஎஸ், இந்த டேட்டாபேஸ். அதுல தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அந்தக் கணக்கெல்லாம் மத்தியானம் எல்லாரும் டீ குடிச்சிட்டு இருக்கிற நேரத்து நியூஸ்ரூமுக்குப் போட்ட கணக்கு. நமக்கு வேண்டியது டெட்லைனுக்கு முந்தின அரை மணி நேரத்துக்கான கணக்கு. நாள் முழுக்க சராசரி எடுத்துப் பாத்தீங்கன்னா சர்வர் பாதித் தூக்கத்துல இருக்கும். கடைசி அரை மணியில எல்லா டெஸ்க்கும் ஒரே நேரத்துல பக்கம் அனுப்புவாங்க, படம் மாத்துவாங்க, தலைப்பைத் திருத்துவாங்க. அதனால சராசரி லோடு என்னன்னு வெண்டர் கிட்ட கேக்காதீங்க. 40 பக்கம் ஒரே சமயத்துல வந்து விழுந்தா கடைசிப் பக்கம் வெளிய வர எத்தனை நிமிஷம் ஆகும்னு கேளுங்க. பதில் சொல்ல முடியாம நெளிஞ்சாங்கன்னா அங்கயே உங்களுக்குப் பாதி விஷயம் புரிஞ்சிடும்.

இங்க ஸ்கிரீன்ல ஒரு படம் போட்டிருக்கேன், கோடு கோணலா இருக்கு, பொறுத்துக்கோங்க. இந்தப் பக்கம் எழுதுற ஆளு, அவர் கையில பிரௌசரோ, இல்ல அடோபியோட செய்தி எழுதுற சாஃப்ட்வேர் இன்காப்பியோ. நடுவுல அப்ளிகேஷன் சர்வர். அதுக்குக் கீழ டேட்டாபேஸ், பக்கத்துல படமும் பக்கமும் கிடக்கிற ஃபைல் ஸ்டோர். அந்தக் கோடியில அவுட்புட். இதுல கெட்டியாப் பிடிச்சுக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு: செய்தி வேற, பக்கம் வேற. செய்தி தனியா ஒரு பொருளா இருக்கணும். பக்கம் அதைக் கூப்பிட்டு உக்கார வைக்கணும், அவ்வளவுதான். செய்தியைப் பக்கத்துக்குள்ளயே புதைச்சு வெச்சீங்கன்னா வெப்சைட்டுக்கு அனுப்ப ஒருத்தர் உக்காந்து காப்பி பேஸ்ட் அடிக்கணும், இன்னொரு எடிஷனுக்கு இன்னொரு காப்பி. அப்புறம் அச்சுல திருத்தின பேரு ஆன்லைன்ல திருத்தாமலே கிடக்கும்.

இப்ப லாக், அதாவது பூட்டு. இன்னிக்கு நான் ரொம்ப நேரம் நிக்கப் போற இடம் இதான்.

ஒரு சப் எடிட்டர் செய்தியைத் திறக்கிறாங்க. சிஸ்டம் அதை அவங்க பேர்ல பூட்டுது. மத்தவங்க படிக்கலாம், கை வைக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். இப்ப அவங்க லேப்டாப்பை மூடிட்டு மீட்டிங் போயிட்டாங்க. இல்ல வைஃபை அறுந்துடுச்சு. பூட்டு அப்படியே நிக்குது. உள்ள தாழ்ப்பாள் போட்டுட்டு ஜன்னல் வழியா இறங்கிப் போன மாதிரி. வெளிய பேஜ் க்ளோஸ் ஆக எட்டு நிமிஷம், லேஅவுட் ஆர்ட்டிஸ்ட் கத்துறாரு.

பக்கம் வடிவமைக்கிற அடோபி சாஃப்ட்வேர் இன்டிசைனை வெறும் ஷேர்டு ஃபோல்டர்ல வெச்சு ஓட்டுற ஆபீஸ்ல இதைக் கண்ணால பாக்கலாம். டாகுமென்ட்டைத் திறந்ததும் பக்கத்துலயே ஐடிஎல்கேன்னு முடியுற ஒரு குட்டி ஃபைல் முளைக்கும். அதான் பூட்டு. மூடினா தானா அழிஞ்சிடும். சாஃப்ட்வேர் க்ராஷ் ஆச்சுன்னா அழியாது. அடுத்த ஆளு திறக்கப் போனா, வேற யாரோ வேலை செய்யுறாங்கன்னு காட்டும். யாருமே வேலை செஞ்சிட்டு இருக்க மாட்டாங்க. அப்ப சிஸ்டம்ஸ் ஆளு ஓடி வந்து அந்தக் குட்டி ஃபைலைக் கையால டெலீட் பண்ணுவாரு. நிறைய ஆபீஸ்ல இதுக்குப் பேரே டெக்னிக்கல் சப்போர்ட்!

சரியான வழி என்னன்னா, பூட்டைக் குத்தகைக்குக் குடுக்கிறது. கிளையன்ட் ஒவ்வொரு 30 செகண்டுக்கும் நான் உயிரோட இருக்கேன்னு சர்வருக்கு ஒரு தட்டு தட்டணும். நாலஞ்சு தட்டு வரலன்னா பூட்டு சந்தேக நிலைக்குப் போயிடணும். உடனே உடைச்சிடக் கூடாது, அதைக் கவனிங்க. டெஸ்க் சீஃப் பாத்து, நான் எடுத்துக்கிறேன்னு ஒரு கிளிக் பண்ணினா கைமாறணும். பழைய ஆளு திரும்பி வந்து லேப்டாப்பைத் திறந்து சேவ் அடிச்சாருன்னா? அங்கதான் வெர்ஷன் நம்பர் வேலை செய்யுது. அவர் எடுத்துட்டுப் போனது 7, இப்ப சர்வர்ல இருக்கிறது 8. நேரா மேல எழுத விடக் கூடாது. அவர் அடிச்சது தொலையவும் கூடாது. தனி வெர்ஷனா ஓரமா வெச்சு, ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல காட்டணும். டெமோவுல இதைச் செஞ்சு காட்டச் சொல்லுங்க. செய்தியைத் திறக்கச் சொல்லி, நாலு வரி அடிக்கச் சொல்லி, நெட்வொர்க் கேபிளை நீங்களே உருவுங்க. சேல்ஸ் ஆளு முகம் எப்படிப் போகுதுன்னு மட்டும் பாத்துக்கிட்டே இருங்க.

இன்னொரு விஷயம், பூட்டு எவ்வளவு சின்னதுங்கிறது. செய்தி முழுசுக்கும் ஒரே பூட்டுன்னா, பாடி திருத்துற வரைக்கும் தலைப்பு வைக்கிறவர் சும்மா உக்காந்திருக்கணும். தலைப்பு, பாடி, கேப்ஷன் மூணுக்கும் தனித்தனிப் பூட்டு இருக்கணும். இந்தக் காலத்துல எதுக்கு சார் பூட்டு, ஒரே டாகுமென்ட்ல பத்து பேரு டைப் பண்றாங்களேன்னு கேப்பீங்க. வெப்புக்கு அது சரிதான். அச்சுல நான் பூட்டு கட்சிதான். ஒருத்தர் நாலு வார்த்தை சேத்தா கீழ ரெண்டு வரி வழிஞ்சு ஃப்ரேமை விட்டு வெளிய போயிடும். அந்த நேரத்துல வரி வெட்டுறது ஒரு கை வேலையாத்தான் இருக்கணும்.

வரின்னு சொன்னதும் ஞாபகம் வருது. பிரௌசர் எடிட்டர்ல, மூணு வரி ஜாஸ்தின்னு ஒரு கணக்கு காட்டும் பாருங்க, அந்தக் கணக்கு எங்க இருந்து வருதுன்னு கேளுங்க. பிரௌசர் வரி உடைக்கிற விதம் வேற, இன்டிசைன் உடைக்கிற விதம் வேற. இன்டிசைன்ல வரி உடைக்கிற பகுதிக்குப் பேரு பேராகிராஃப் கம்போசர், அது ஒரு பாரா முழுசையும் பாத்துத்தான் எங்க உடைக்கலாம்னு முடிவு பண்ணும். அதனால கணக்கு இன்டிசைன் இன்ஜின்கிட்ட இருந்தே வரணும். நம்ம தமிழ், இந்தி மாதிரி எழுத்துகளுக்கு இது இன்னும் முக்கியம். 2012ல இன்டிசைன் சிஎஸ்6 வெர்ஷன் வந்தப்பதான் இந்திய மொழிகளுக்கு வேர்ல்டு ரெடி கம்போசர் ஆதரவு உள்ள வந்துச்சு. டெம்ப்ளேட்ல அந்த கம்போசரை செட் பண்ணாம விட்டா கொம்பும் எழுத்தும் இடம் மாறி நிக்கும்.

நெட்வொர்க். 1 ஜிபிபிஎஸ் லைன்னா செகண்டுக்கு அதிகபட்சம் 125 எம்பி, காகிதத்துல. ஆபீஸுக்குள்ள இருக்கிற வரைக்கும் ஓரளவு தாங்கும். வம்பு வர்றது தூரத்துல இருக்கிற கிளை ஆபீஸுக்கு. அங்க இருந்து பக்கம் திறந்தா ஆமை மாதிரி நகருதுன்னு சொன்னா, எல்லாரும் லைனைப் பெருசாக்குன்னுதான் சொல்லுவாங்க. ஒரு பக்கம் திறக்க ஃபைல் ஷேர்கிட்ட ஒண்ணு பின்னால ஒண்ணா 150 கேள்வி போகுதுன்னு வெச்சுக்கோங்க. போய் வர 60 மில்லிசெகண்ட். பெருக்கினா 9 செகண்ட். ஒரு பைட் படம்கூட இன்னும் நகரல! லைனைப் பத்து மடங்கு பெருசாக்கினாலும் அந்த 9 அப்படியேதான் இருக்கும். பிரச்சனை தூரத்துல, அகலத்துல இல்ல. அந்த ஆபீஸ்ல ஒரு லோக்கல் கேஷ், அதாவது ஃபைலோட காப்பியை அங்கயே வெச்சுக்கிற இடம், வைங்க, இல்ல சர்வர் பக்கத்துலயே டெஸ்க்டாப்பை ஓட்டி ஸ்கிரீனை மட்டும் அங்க அனுப்புங்க.

ஏஜென்சி ஃபீடு, அதாவது செய்தி நிறுவனங்கள் கிட்ட இருந்து தானா வந்து விழற செய்தி, அதைப் பத்திச் சுருக்கமா. இதுக்கான ஸ்டாண்டர்டு எல்லாம் 1965ல ஆரம்பிச்ச ஐபிடிசிங்கிற செய்தித் துறை அமைப்போடது. நியூஸ்எம்எல்-ஜி2ன்னு எக்ஸ்எம்எல் வடிவம் ஒண்ணு, நின்ஜேஎஸ்னு ஜேசன் வடிவம் ஒண்ணு. ரெண்டும் படிக்கத் தெரியுமான்னு கேட்டாப் போதும். உள்ள எப்படிக் கட்டியிருக்காங்கன்னு பாக்க ஆசை இருக்கிறவங்க சூப்பர்டெஸ்க்ங்கிற நியூஸ்ரூம் சாஃப்ட்வேரைத் திறந்து பாருங்க, ஓப்பன் சோர்ஸ். பைத்தான், மாங்கோடிபி, எலாஸ்டிக்சர்ச், ரெடிஸ். ஃபீடுல ஒண்ணை மட்டும் விட்டுடாதீங்க: கில் நோட்டீஸ். அனுப்பின செய்தியை ஏஜென்சி வாபஸ் வாங்கினா அந்தத் தகவல் இன்பாக்ஸ்ல இன்னொரு வரியா வந்து கிடக்கக் கூடாது. அந்தச் செய்தி எந்தெந்தப் பக்கத்துல உக்காந்திருக்கோ அந்தப் பக்கமெல்லாம் சிவப்பா மாறணும், ஒருத்தர் பாத்து ஓகே பண்ற வரைக்கும் பிளேட்டுக்குப் போகக் கூடாது. செய்தியும் பக்கமும் வேற வேறன்னு சொன்னேனே, ஒழுங்கா பிரிச்சு இணைப்பு வெச்சிருந்தாத்தான் இது முடியும்.

அவுட்புட்டுக்கு வருவோம். ஆள் இல்லாம தானா பக்கத்தை பிடிஎஃப் ஆக்குறது இன்டிசைன் சர்வர். அதுல ஒரு இன்ஸ்டன்ஸ், அதாவது ஓடுற ஒரு பிரதி, ஒரு சமயத்துல ஒரு வேலைதான் பாக்கும். அதனால வேகம் வேணும்னா இன்ஸ்டன்ஸ் எண்ணிக்கையைக் கூட்டணும். ஒத்தை மெஷின்ல கோரைக் குவிச்சு இன்ஸ்டன்ஸைக் கூட்டாம விட்டா காசு தண்டம்.

அச்சுக்கு அனுப்புற பிடிஎஃப்ல, எக்ஸ்-1ஏ 2001ல வந்த ஸ்டாண்டர்டு, அதுல டிரான்ஸ்பரன்சி, அதாவது பின்னால இருக்கிறது ஊடுருவித் தெரியுறது, கூடாது. எக்ஸ்-4ல அப்படியே வைக்கலாம். பிரஸ்ல பக்கத்தை அச்சுப் புள்ளிகளா மாத்துற ரிப் எதைத் தின்னும்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. அப்புறம் இங்க். நாலு கலரையும் முழுசா அடிச்சா 400 சதவீதம். நியூஸ்பிரின்ட் காகிதம் அதைத் தாங்காது. ஐஎஸ்ஓநியூஸ்பேப்பர்26வி4னு ஒரு கலர் ப்ரொஃபைல் ரொம்ப நாளா ஓடுது, அதோட உச்ச வரம்பு 240. அதைத் தாண்டினா மை காயாது, எதிர்ப்பக்கத்துல ஒட்டும். சின்ன எழுத்து கருப்பு மையில மட்டும் இருக்கணும், நாலு கலர்ல கருப்பு போட்டா ரெஜிஸ்டர், அதாவது கலரெல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு சரியா உக்கார்றது, ஒரு மயிரிழை தப்பினாலும் எழுத்து மங்கும். இதையெல்லாம் ரிப்ல போய்க் கண்டுபிடிக்கிறது லேட். ஆர்ட்டிஸ்ட் கையில பக்கம் இருக்கும்போதே அச்சுக்கு முந்தின செக்கிங், அந்த ப்ரீஃப்ளைட், கத்தணும்.

கலர் பக்கம் ஒண்ணுக்கு நாலு பிளேட். ரெண்டாவது எடிஷனுக்கு ஒரு எழுத்துப்பிழை திருத்தினா மாறினது கருப்பு மட்டும்தானே? அதை சாஃப்ட்வேரே பாத்துச் சொல்லணும். இல்லாட்டி மூணு பிளேட் வீண்.

ஹாட் ஃபோல்டர், அதாவது ஃபைல் விழுந்ததும் புரோகிராம் தானா எடுத்துக்கிற ஃபோல்டர், வழியா அனுப்புறவங்க ஒண்ணு பாத்துக்கோங்க. ஃபைல் பாதி காப்பி ஆகும்போதே அந்தப் பக்கம் இருக்கிற புரோகிராம் எடுத்துடும். பக்கம் பாதி வெள்ளையா வரும், இல்ல எரர் வரும். வேற பேர்ல முழுசா எழுதி முடிச்சு, கடைசியா பேரை மாத்துங்க. ஒரே டிஸ்க்குக்குள்ள பேர் மாத்துறது ஒரே மூச்சுல நடக்கும், பாதியில நிக்காது.

டெஸ்க்டாப் பக்கம், இன்டிசைனுக்கு அடோபியே 16 ஜிபி ரேம் சிபாரிசு பண்றாங்க, 8ல ஓடும், ஆனா ஓட்டாதீங்க. புது வெர்ஷன்ல சேவ் பண்ணினதைப் பழைய வெர்ஷன் நேரா திறக்காது, ஐடிஎம்எல்ங்கிற பரிமாற்ற ஃபைல் வழியாத்தான் போகணும். வெண்டரோட ப்ளக்-இன் வேற ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி. ஆக ஒருத்தர் மட்டும் ஆசைப்பட்டு அப்டேட் கொடுத்தா டெஸ்க்கே நிக்கும். ஆட்டோ அப்டேட்டை அணைச்சு வைங்க. 2023 ஜனவரியில அடோபி டைப் 1ங்கிற பழைய வகை ஃபான்ட் ஆதரவை நிறுத்தினாங்க பாருங்க, பழைய டெம்ப்ளேட்டெல்லாம் அந்த ஃபான்ட்ல இருந்த ஆபீஸ்ல ஃபான்ட் இல்லன்னு பிங்க் பட்டை பட்டையா தெரிஞ்சிருக்கும்.

ஸ்டோரேஜுக்கு எல்லாரும் பயப்படுறாங்க, தேவையில்ல. ஒரு நாளைக்கு 1500 படம், ஒண்ணு 6 எம்பின்னு வெச்சாலும் 9 ஜிபி. வருஷத்துக்கு 3.3 டிபி சுமார். பயப்பட வேண்டியது படத்துக்குள்ள இருக்கிற கேப்ஷனுக்கும் கிரெடிட்டுக்கும். ஐபிடிசி ஃபீல்டுன்னு ஃபைலுக்குள்ளயே எழுதியிருக்கும். அளவு குறைக்கிற சில புரோகிராம் அதைத் துடைச்சு எறிஞ்சிடும். பத்து வருஷம் கழிச்சு இந்தப் படத்துல இருக்கிறது யாருன்னு கேட்டா பதில் சொல்ல ஆள் இருக்காது.

கடைசியா, எல்லாம் படுத்துட்டா என்ன பண்றது. ரெண்டாவது சர்வருக்கு ரெப்ளிகேஷன் இருக்கு, அதான் பேக்கப்னு சொல்லுவாங்க. இங்க அழிச்சா அங்கயும் அடுத்த நொடியே அழியும், அது எப்படி பேக்கப்? தனியா, ஆஃப்லைன்ல ஒரு காப்பி வேணும், அதுல இருந்து திரும்ப எடுத்துப் பாத்திருக்கணும். அதைவிட நான் விடாம கேக்குற ஒரு அம்சம் இருக்கு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை எல்லாப் பக்கத்தோட ஐடிஎம்எல்லும் பிடிஎஃப்பும் படங்களும் சிஸ்டத்துக்கு வெளிய ஒரு சாதா ஃபோல்டர்ல போய் விழணும். டேட்டாபேஸ் செத்தாலும் வெறும் இன்டிசைனை வெச்சுப் பக்கத்தை முடிச்சு ஒரு பென் டிரைவ்ல பிளேட் ரூமுக்குக் கொண்டு போகலாம். கிளவுட்ல வெச்சிருக்கிறவங்களுக்கும் இதேதான், அந்த ஃபோல்டர் பிரஸ் இருக்கிற கட்டடத்துலயே இருக்கட்டும், இன்டர்நெட் அறுந்தாலும் கைக்கு எட்டணும். இதுக்குத் தனியா லைசென்ஸ் வேணும்னு வெண்டர் சொன்னா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடியே பேசி வாங்கிடுங்க, அப்புறம் கேட்டா ரேட் வேற.

விளம்பர சிஸ்டத்தை இதோட எப்படிச் சேக்குறதுன்னு அடுத்த வீடியோல பாக்கலாம், அது தனித் தலைவலி. கேமரா பேட்டரி சிவப்புல வந்துடுச்சு, கட் பண்றேன்.