பதினெட்டு வயதில் ஒரு சாவி

[திரையில்: வரிசையாகக் கட்டில்கள் போட்ட ஒரு நீண்ட கூடம்]

வணக்கம். ஒரு சின்னக் கணக்கிலிருந்து தொடங்கலாம். பெற்றோர் பராமரிப்பு இல்லாத பிள்ளைகள் வளரும் குழந்தைகள் இல்லம் எப்படி இருக்க வேண்டும் என்று, இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுத்த 2016 மாதிரி விதிகள் சொல்கின்றன. 25 பிள்ளைகளுக்கு 1,000 சதுர அடியில் ஒரு படுக்கைக்கூடம். தலைக்கு 40 சதுர அடி. ஒரு கட்டில், ஒரு பெட்டி, நடக்கக் கொஞ்சம் இடம்.

அங்கேயே பத்து வருடம் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு 18 வயது முடிகிறது. இல்லத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். எங்கே போவாள்?

இப்படிக் கிளம்புகிறவர்களுக்குத் தரும் உதவியை அந்தச் சட்டம் பிற்காப்பு என்கிறது. 21 வயது வரை உதவி, விதிவிலக்கான சூழலில் 23 வரை. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் கொடுக்க வழி இருக்கிறது. சரி, அதை வைத்துக்கொண்டு வீடு தேடிப் போனால் ஓனர் கேட்கும் முதல் கேள்வியே, "அப்பா என்னம்மா பண்றார்?" அப்புறம்தான் அட்வான்ஸ்.

அதனால் அந்த 2016 விதிகளில் இருக்கும் ஒரு வரியை நான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். 6 முதல் 8 பேர் சேர்ந்து தற்காலிகமாகத் தங்க ஒரு வீடு, அவர்களோடு தொடர்பில் இருக்க ஓர் ஆலோசகர். அந்த வீட்டை எப்படி அமைப்பது?

[திரையில்: மூன்று படுக்கையறை வீட்டின் வரைபடம்]

பஸ் ஸ்டாப்புக்குப் பக்கம், நாலு வீடுகளுக்கு நடுவில் ஒரு வீடு. வாசலில் பெயர்ப்பலகை வேண்டவே வேண்டாம். கூட வேலை செய்யும் தோழியை அவள் கூச்சமில்லாமல் அழைத்து வர வேண்டுமே. வாசல் சாவி ஆளுக்கு ஒன்று. வேலை முடிந்து இரவு பத்து மணிக்கு வருகிறவள் யாரையும் எழுப்பாமல் உள்ளே வரட்டும்.

ஆளுக்கொரு தனி அறை கொடுத்தால் நல்லது என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் 24 பேரின் மூச்சுச் சத்தம் கேட்டே தூங்கிப் பழகியவளுக்கு அந்த அமைதி பயமாகவும் இருக்கலாம். அறைக்கு இரண்டு பேர், நடுவில் ஒரு திரை, ஆளுக்கொரு பூட்டுப் போட்ட அலமாரி. கட்டிலில் படுத்தபடியே கை எட்டும் இடத்தில் லைட் சுவிட்ச். இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். இத்தனை வருடமும் கூடம் முழுவதற்கும் விளக்கை அணைத்தது வார்டன்.

பணத்தைச் சமையலறையில் போடுங்கள். 50 பேருக்குச் சாம்பார் கொதிப்பதை அவள் தினமும் பார்த்திருப்பாள். ஒரு ஆழாக்கு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டால் தெரியாது. பெரிய அண்டா வேண்டாம், இரண்டு லிட்டர் குக்கர் போதும். இருவர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் அகலத்தில் மேடை. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் வேண்டாம், சமைத்துக்கொண்டே பேச வேண்டும். அடிப்பிடித்தால் பிடிக்கட்டும். திட்ட ஆள் வேண்டாம், பக்கத்தில் நிற்க ஆள் வேண்டும்.

18-வது பிறந்தநாளன்று முதல்முறையாக இந்த வீட்டைக் காட்டக் கூடாது. 17 வயதிலேயே இரண்டு மூன்று சனிக்கிழமை வந்து தங்கிப் பார்க்கட்டும்.

[திரையில்: பரணில் சுருட்டி வைத்த பாய்கள்]

கடைசியாக, பரணில் இரண்டு மூன்று பாய், தலையணை. தீபாவளிக்கு முந்தின நாள் லேடீஸ் ஹாஸ்டல் காலியாகிவிடும், எல்லோரும் ஊருக்குப் போய்விடுவார்கள். முன்பு இந்த வீட்டில் இருந்து, வேலை கிடைத்து வெளியே போன அக்காக்கள் அன்று ராத்திரி பையோடு வந்து நிற்பார்கள். கூடத்தில் விரித்துக்கொள்ள இடம் விட்டு வையுங்கள்.