இறங்காதீர்கள், அழுக்காகிவிடும்

வணக்கம் நேயர்களே.

வாணியம்பாடியில் எங்கள் எதிர்வீட்டுக்காரர்கள் உருது பேசுகிறவர்கள். ‘பாக்கீசா’ என்ற இந்திப் படத்தின் பெயருக்குத் தூய்மையானவள் என்று பொருள் என எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அந்த வீட்டு ஆபா, அதாவது அக்காதான். முதல்முறை அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, கதை ஒரே அழுகை என்று அலுத்துக்கொண்டேன். “கதையை விடுடா, அவ காலைப் பாரு” என்றார். அதைத்தான் இன்றைக்கு உங்களிடமும் சொல்ல வந்திருக்கிறேன்.

படத்தின் நாயகி, மீனா குமாரி நடித்த சாஹிப்ஜான், ஒரு தவாயிஃப். பாட்டும் ஆட்டமும் அவள் தொழில். நம் ஊர் தேவதாசியோடு அவளை ஒப்பிடுவார்கள். எனக்கு அது முழுக்கச் சரியாகப் படவில்லை. இவளுக்குக் கோயில் கிடையாது, கோட்டா எனும் மாடிவீடு மட்டும்தான். ஓர் இரவு ரயிலில் தூங்கிப்போகிறாள். பெட்டியில் ஏறிய முன்பின் தெரியாத ஒருவன், அவள் காலடியில் ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறான். உங்கள் பாதங்களைப் பார்த்தேன், மிக அழகு, தரையில் வைக்காதீர்கள், அழுக்காகிவிடும் என்பது அதன் சாரம். அவனாக நடித்த ராஜ்குமார் குரலில் அந்த உருது பட்டுப்போல வழுக்கிக்கொண்டு போகும்.

சீட்டைத் தோழியிடம் காட்டுகிறாள். தோழி சொல்வது கொடுமை. இது உனக்கு வந்ததே இல்லை, அந்த நேரம் உன் காலில் சலங்கை இருந்திருக்காது என்கிறாள். சலங்கை கட்டியவளிடம் தரையில் கால் வைக்காதே என்று யார் சொல்வார்கள்? படத்தின் முள் இந்த ஒரு கேள்விதான்.

இனி ‘சல்தே சல்தே’ பாட்டுக்கு வருவோம். கைஃபி ஆஸ்மி எழுதியது, லதா பாடியது. போகிற வழியில் யாரோ சும்மா எதிர்ப்பட்டார், என் இரவு அங்கேயே நின்றுவிட்டது என்கிறாள். எதிரே திண்டில் சாய்ந்திருக்கும் பணக்காரர்கள் தங்களுக்காகப் பாடுகிறாள் என்று நினைத்துத் தலையாட்டுகிறார்கள். பாட்டு முடிகிற நேரத்தில் தூரத்தில் ரயில் ஊதுகிறது. அவள் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

இசை குலாம் முகமது. பிகானேர்க்காரர். தாளவாத்தியத்தில் தேர்ந்த கை, இசையமைப்பாளர் நௌஷாதுக்கு நெடுநாள் உதவியாளர். ‘டாடே ரஹியோ’ பாட்டில் ராஜஸ்தானத்து மாண்ட் ராகம் கேட்கும். சொந்த மண் வாசனை. படம் 1950-களில் தொடங்கியது. இயக்குநர் கமால் அம்ரோஹியும் அவர் மனைவி மீனா குமாரியும் 1964-இல் பிரிய, வேலை ஆண்டுக்கணக்கில் நின்றது. 1968-இல் குலாம் முகமது இறந்துபோனார். தன் பாட்டுகளைத் திரையில் அவர் பார்க்கவே இல்லை. படப்பிடிப்பு மறுபடி தொடங்கியது 1969-இல்.

மிச்ச வேலையை, பின்னணி இசையை, நௌஷாத் முடித்துக்கொடுத்தார். அங்கங்கே துண்டு துண்டாகத் தும்ரிகள், அதாவது வட இந்திய மெல்லிய சாஸ்திரியப் பாடல்கள், ஒலிக்கும். அவற்றில் ஒன்றைப் பாடியவர் எங்கள் வேலூரில் பிறந்த வாணி ஜெயராம். பாட்டு வரும்போது வசனத்தில் கவனம் போய்விடும்; நானே பலமுறை தவறவிட்டிருக்கிறேன்.

படம் 1972 பிப்ரவரி 4-இல் வெளியானது. மார்ச் 31-இல் மீனா குமாரி காலமானார். அந்த ஆண்டுக்கான இசைக்கான ஃபிலிம்ஃபேர் விருது ‘பே-இமான்’ படத்துக்குப் போனது. அதே படத்தில் நடித்ததற்காகப் பிராணுக்கும் விருது அறிவித்தார்கள். குலாம் முகமதுவுக்குக் கிடைக்கவேண்டியதைக் கொடுக்கவில்லை என்று சொல்லிப் பிராண் தன் விருதையே மறுத்துவிட்டார். தன் படத்துக்குக் கிடைத்த பரிசைத் தப்பு என்று சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும்!

காலுக்குத் திரும்புகிறேன். கடைசியில், அந்தச் சீட்டு எழுதிய காதலனின் கல்யாண வீட்டிலேயே சாஹிப்ஜான் ஆட வருகிறாள். உடைந்த கண்ணாடிமேல் ஆடுகிறாள். விரிப்பெல்லாம் ரத்தக் கால்தடம். மீனா குமாரி அப்போது கடும் நோயாளி. முக்காட்டுக்குள் ஆடியது பெரும்பாலும் பத்மா கன்னா. முகம் மறைந்திருப்பது எனக்குக் குறையாகவே தெரியவில்லை. பார்க்கவேண்டியது கீழே அல்லவா இருக்கிறது.

நிலையத்தார் இப்போது ‘சல்தே சல்தே’ ஒலிபரப்பப் போகிறார்கள். லதா நிறுத்தியதும் வானொலிப் பெட்டியை அணைத்துவிடாதீர்கள். ரயில் இன்னும் வரவேண்டியிருக்கிறது.