சிப்பாயை எழுத்தாளராக்கியது வகுப்பறையே

நடுவர் அவர்களே, அவையோரே, அனைவருக்கும் வணக்கம்.

"போர்வீரரை த்ரில்லர் நாவலாசிரியர் ஆக்குவது களமா, கல்வியா?" என்ற தலைப்பில், கல்வியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தோழர், "விழுப்புண் படாதநாள் எல்லாம் வழுக்கினுள் வைக்கும்" என்ற குறளைச் சொல்லி, புண்பட்டவனிடம்தான் கதை இருக்கிறது என்று முழங்கினார். கைதட்டலும் வாங்கினார். அதே வள்ளுவர்தானே கல்லாதவர் முகத்தில் இருப்பவை கண்கள் அல்ல, இரண்டு புண்கள் என்றும் சொன்னார்? தோழர் உதாரணம் காட்டிய, பிரிட்டிஷ் சிப்பாயாக இருந்து த்ரில்லர் நாவலாசிரியரான ஆண்டி மெக்நாப்புக்கு, விழுப்புண் படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே இந்தப் புண் இருந்தது. அது ஆறிய கதையைத் தோழர் சொல்லாமல் விட்டுவிட்டார். நான் சொல்கிறேன்.

மெக்நாப் என்பது புனைபெயர். 1959-இல் லண்டனின் கைஸ் மருத்துவமனை வாசற்படியில், ஹாரட்ஸ் கடையின் பைக்குள் வைத்து விட்டுச்செல்லப்பட்ட குழந்தை அவர். வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தார். பள்ளிகள் மாறின, படிப்பு ஏறவில்லை. திருட்டில் பிடிபட்டுச் சிறார் காவலில் இருந்துவிட்டு, 1976-இல் 16 வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். அப்போது அவருடைய வாசிப்புத் திறன் ஆரம்பப் பள்ளிக் குழந்தையின் அளவுதான்.

ராணுவம் அவரைச் சுடவும் பழக்கியது, வகுப்பறையில் உட்காரவும் வைத்தது. அங்கே அவர் கைக்கு வந்தது என்ன புத்தகம் தெரியுமா? ஜேனட், ஜான் என்ற இரண்டு குழந்தைகளைப் பற்றிய, பிரிட்டனில் சின்னஞ்சிறுசுகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் வரிசையில் பத்தாவது புத்தகம். துப்பாக்கி தூக்குகிற பையன், அந்தப் பாலர் பாடத்தை எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கிறான். நீங்கள் மூடர்கள் அல்ல, படிக்காததால்தான் படிக்க வரவில்லை என்று அங்கிருந்த ஆசிரியர் சொன்னதையும், அந்தப் புத்தகத்தை மூடியபோது வந்த பெருமிதத்தையும் மெக்நாப் பிற்காலத்தில் சிறைச்சாலைகளிலும் பள்ளிகளிலும் போய்ச் சொன்னார். எத்தனையோ சண்டைகளைப் பார்த்த மனிதர் கைதிகளிடம் எடுத்துச்சென்ற கதை இது. என் கட்சிக்கு வேறு சாட்சி தேவையே இல்லை.

சரி, எதிரணி களத்தைக் காட்டுகிறது. நானும் அங்கே வருகிறேன். 1991 ஜனவரி, வளைகுடாப் போர். பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ். சிறப்புப் படையைச் சேர்ந்த எட்டுப் பேர் ஈராக் பாலைவனத்தில் இறக்கப்படுகிறார்கள். ஸ்கட் ஏவுகணைகளையும் தகவல் தொடர்புக் கம்பிகளையும் தேடிப் போனவர்களுக்கு வானொலித் தொடர்பு கைகொடுக்கவில்லை. பாலைவனம் என்று போனால் பனி கொட்டியது. மூவர் மாண்டார்கள், அவர்களில் இருவரைக் கொன்றது குளிர். நால்வர் சிறைப்பட்டார்கள், மெக்நாப் அந்த நால்வரில் ஒருவர். எட்டாமவர், கிறிஸ் ரயான் என்ற புனைபெயரில் பின்னாளில் எழுதியவர், ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நடந்தே சிரியாவுக்குத் தப்பினார்.

"ஒரே அணியிலிருந்து இரண்டு நாவலாசிரியர்கள் வந்தார்களே, இது களத்தின் வெற்றி இல்லையா?" என்று கேட்டார்கள். நல்ல கேள்விதான், மழுப்பாமல் பதில் சொல்கிறேன். அந்தக் களம் முதலில் தந்தது நாவல் அல்ல, நினைவுக்குறிப்பு. மெக்நாப்பின் 'பிராவோ டூ ஜீரோ' 1993-இல் வந்தது. ரயானும் தன் பங்கை எழுதினார். இரண்டும் எல்லா இடங்களிலும் ஒத்துப்போகவில்லை. மைக்கேல் ஆஷர் என்ற முன்னாள் வீரர் ஈராக்குக்கே போய், அங்குள்ள மக்களிடம் விசாரித்துவிட்டு, சொல்லப்பட்ட பெரிய சண்டைகளுக்குச் சான்று இல்லை என்று எழுதினார். யார் சொல்வது சரி என்பது இந்த அவையின் வழக்கு அல்ல. ஒரே பாலைவனம், ஒரே பனி, ஆனால் கதைகள் வேறு. அனுபவம் தானாகவே வாய் திறந்து பேசும் என்றால், இது எப்படி நடக்கும்?

மெக்நாப்பின் முதல் நாவல் 'ரிமோட் கன்ட்ரோல்' 1997-இல் வந்தது. அதன் நாயகன் நிக் ஸ்டோன், எஸ்.ஏ.எஸ்.ஸிலிருந்து வெளியேறி உளவுத்துறைக்கு மறைமுக வேலை செய்பவன். நண்பனின் வீட்டுக்குப் போகிறான். குடும்பமே வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடக்கிறது. மிஞ்சியிருப்பது ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி. கதவைத் திறக்காமல் ஓர் அறையை எப்படிக் கண்காணிப்பது என்று அறிந்தவனுக்கு, ஒரு குழந்தையை எப்படிச் சாப்பிட வைப்பது என்று தெரியாது. நான் அதைப் படித்தபோது ஆயுதங்களின் பெயர்கள் மறுநாளே மறந்துவிட்டன. அந்தச் சிறுமியை இன்றும் மறக்கவில்லை. அவளை ஈராக் பாலைவனமா தந்தது? எழுத உட்கார்ந்த மனிதர், வாசகன் எதற்குத் தவிப்பான் என்று யோசித்துப் படைத்தவள் அவள்.

அமெரிக்காவிலிருந்தும் ஒருவரைக் கூப்பிடுகிறேன். கடற்படையின் சீல் என்ற சிறப்புப் படைப் பிரிவில் 20 ஆண்டுகள் இருந்த நாவலாசிரியர் ஜாக் கார். அவருடைய தாயார் நூலகர். புத்தகங்களுக்கு நடுவே வளர்ந்து, சிறு வயதிலேயே வீரராகவும் எழுத்தாளராகவும் ஆக ஆசைப்பட்டவர். 2018-இல் வந்த அவருடைய முதல் நாவலைப் பாதுகாப்புத் துறை தணிக்கை செய்தது. நீக்கச் சொன்ன இடங்களை அவர் கறுப்புப் பட்டைகளாக அப்படியே அச்சிட்டார். நடுவர் அவர்களே, இதைத் தயவுசெய்து குறித்துக்கொள்ளுங்கள்: போர்க்கள அனுபவத்தின் ரகசியத் துண்டுகள் மை பூசி மறைக்கப்பட்ட பிறகும் வாசகர்கள் பக்கம் புரட்டிக்கொண்டே போனார்கள். கதையின் உயிர் அந்தத் துண்டுகளில் இருந்திருந்தால், புத்தகம் பாதியில் செத்திருக்க வேண்டாமா?

கடைசியாக ஒன்று, மணி அடிப்பதற்குள் சொல்லிவிடுகிறேன். மெக்நாப்பின் வீரத்துக்கு ராணுவப் பதக்கங்கள் இரண்டு கிடைத்தன. அந்த மரியாதைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் 2017-இல் அவருக்கு சி.பி.இ. என்ற உயரிய அரச விருது தந்தபோது, பிரிட்டன் அரசு அதற்குச் சொன்ன காரணம் களம் அல்ல, எழுத்தறிவுப் பணி. வாசிக்கத் தடுமாறுபவர்களுக்கென்றே எளிய நடையில் சிறு நூல்களும் எழுதினார் அவர். எதிரணித் தலைவர் அடுத்து எழுந்து பேசும்போது ஒரு கேள்விக்கு மட்டும் விடை சொல்லட்டும். 1976-இல் அந்தப் பையன் கையில் யாரும் ஜேனட், ஜான் புத்தகத்தைத் தரவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஈராக் அப்படியே இருக்கட்டும், பனியும் சிறையும் அப்படியே இருக்கட்டும். நாவல் எங்கிருந்து வரும்?

விடைக்குக் காத்திருக்கிறேன். நன்றி, வணக்கம்.